மகனுக்கு வாங்கியது தப்பான பட்டையா?

சிப்பாய்அம்மா:
வணக்கம். என் மகன் அமெரிக்க ராணுவத்தில் காலாட்படைச் சிப்பாய், லெவன் பிராவோ. போன மாதம் எக்ஸ்பர்ட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் தேர்வில் தேறிவிட்டான். ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, பேட்ஜை அதில் வைத்துச் சுவரில் மாட்டலாம் என்று இணையத்தில் ஒன்று வாங்கினேன். நீலப் பட்டை, நடுவில் துப்பாக்கி. இரண்டு விதம் இருந்தன. இலை வளையம் உள்ளது லட்சணமாக இருந்ததால் அதையே எடுத்தேன்.

படம் அனுப்பியதும் போன் வந்தது. "அம்மா, அதை யார் கண்ணிலும் காட்டிவிடாதே, என் மானம் போய்விடும்" என்றான். விளக்கம் கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துவிட்டான்.

அந்த இலையில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாவற்றிலும் தேறியவனுக்கு அது ஏன் கிடையாது? பின்னால் கிடைத்தால் இரண்டையும் போட்டுக்கொள்வானா? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: விழா அன்று அவனுடையதைப் போல ஒன்றை நான் புடவையில் குத்திக்கொண்டு போகலாமா?

கோடைமழை:
இலை இருப்பது சண்டையில் இருந்தவர்களுக்கு, இல்லாதது தேர்வில் தேறியவர்களுக்கு. இரண்டும் கிடைத்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் போட்டிருந்தார்.

பழையரக்மூட்டை:
மேலே சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது தப்பு. பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருந்தது ஒரு நீலப் பட்டையும் பாராசூட் பேட்ஜுமாக இருந்திருக்கும். அவை சேரும். நீலப் பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் அணியக் கூடாது.

அம்மா, நான் எட்டு வருடம் லெவன் பிராவோ. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் மகன் தேறி வாங்கியது ஈ.ஐ.பி., அதாவது எக்ஸ்பர்ட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ். நீங்கள் இணையத்தில் வாங்கியது சி.ஐ.பி., அதாவது காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ். இரண்டும் 1943 அக்டோபரில் ஒன்றாகப் பிறந்தவை. அடி வாங்குவதெல்லாம் காலாட்படை, பெயர் வாங்குவது மற்றவர்கள் என்று இருந்த காலம் அது. இவர்களுக்கென்று தனி அடையாளம் வேண்டும் என்று அப்போது அமெரிக்கத் தரைப்படைகளின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் மெக்நேர் வற்புறுத்தினார். 1944 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாதப்படியும் சேர்த்தது: இலை இல்லாததற்கு 5 டாலர், இலை உள்ளதற்கு 10. அன்றைக்கே இலைக்கு இரட்டை விலை.

சி.ஐ.பி.க்குத் தேர்வே கிடையாது. காலாட்படை அல்லது ஸ்பெஷல் ஃபோர்சஸ் ஆளாக இருக்க வேண்டும், பதவி கர்னலுக்கு மேல் போகக் கூடாது, பிரிகேட் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) அளவிலோ அதற்குக் கீழோ உள்ள பிரிவில் இருந்து எதிரியோடு நேரடித் தரைச்சண்டையில் பங்கெடுத்திருக்க வேண்டும். போர் நடக்கும் நாட்டில் ஒரு வருடம் இருந்தேன் என்பது மட்டும் போதாது. எனக்கு அது ஆஃப்கானிஸ்தானில் இருபது நிமிடத்தில் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்தில் முக்கால்வாசி நேரம் ஒரு மண்சுவருக்குப் பின்னால் முகத்தைப் புழுதியில் வைத்துப் படுத்திருந்தேன்.

ஈ.ஐ.பி.க்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. உள்ளே நுழையவே ரைஃபிளில் எக்ஸ்பர்ட் ஆகியிருக்க வேண்டும், 40 இலக்குக்கு 36. முதல் வருடம் இரவு லேண்ட் நாவில், அதாவது வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கும் தேர்வில், காலடி எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு, அங்கே இல்லாத அடையாளக் கம்பத்தை ஒரு மணி நேரம் தேடினேன். அன்றோடு மூட்டை கட்டினேன். அடுத்த வருடம் ஆயுதம், முதலுதவி, ரோந்து என்று ஒவ்வொரு நிலையமாகத் தாண்ட வேண்டியிருந்தது. எல்லாம் தெரிந்த வேலைதான், ஆனால் ஒரு படி முன்பின் ஆனால் நோ-கோ, அதாவது அந்த முயற்சி தோல்வி. ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையைக் கட்டும் இடத்தில் எனக்கு ஒன்று விழுந்தது. ஒரு நோ-கோகூட வாங்காமல் முடிப்பவனை ட்ரூ ப்ளூ என்பார்கள், அந்தப் பாக்கியம் எனக்கு இல்லை. கடைசியாக 35 பவுண்டு சுமையோடு 12 மைல், 3 மணி நேரத்துக்குள். நான் 2 மணி 51 நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். இடது காலுறையைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது.

ஆஃப்கானிஸ்தானிலிருந்து திரும்பியதும் சீருடையில் தைத்திருந்த ஈ.ஐ.பி.யை நானே உட்கார்ந்து தையல் பிரித்தேன். எதை அணிவது என்பது நம் விருப்பம்தான், இருந்தாலும் சி.ஐ.பி. வந்தபின் அதை விட்டுவிட்டு மற்றதைப் போட்டவனை நான் பார்த்ததில்லை. உழைத்து வாங்கியது டிராயருக்குள்ளும், சுவருக்குப் பின்னால் படுத்து வாங்கியது நெஞ்சிலும். எனக்கு இன்னும் அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கழற்றினாலும் ரெக்கார்டில் இருக்கும், நாளைக்கு வேறு பிரிவுக்கு மாறினாலும் ஈ.ஐ.பி. அவனுடையதுதான்.

மானம் என்று சொன்னது சும்மா இல்லை அம்மா. சண்டையைப் பார்க்காதவன் சி.ஐ.பி. போட்டால் சக சிப்பாய்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். கிடைக்காத சி.ஐ.பி.யைக் கிடைத்ததாகச் சொல்லிப் பணமோ ஆதாயமோ தேடினால் 2013-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி குற்றமும் கூட.

புடவை வேண்டாம். ராணுவம் யாருக்குக் கொடுத்ததோ அவர்தான் அணியலாம். ஆனால் சில யூனிட்டுகளில் விழாவில் குடும்பத்தாரையே குத்திவிடச் சொல்வார்கள். அவனிடம் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ரிப்பன்களும் வைத்தால் பட்டை அவற்றுக்கு மேலே, கால் அங்குல இடைவெளியில்.

டீசல்மணி:
அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று. நான் காலாட்படை பட்டாலியனில் மெக்கானிக். அதே பாதை, அதே சுமை, இவர்களோடு சேர்ந்தே நடந்திருக்கிறேன், ஆனால் ஈ.ஐ.பி. தேர்வுக்குள் விடமாட்டார்கள். எங்களுக்கென்று எக்ஸ்பர்ட் சோல்ஜர் பேட்ஜ் அறிவித்ததே 2019-ல்தான். சண்டையில் மாட்டினால் காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ், அதுவும் 2005-ல் வந்தது. குண்டு வரும்போது நீ மெக்கானிக்கா என்று கேட்டுவிட்டா வருகிறது?

பழையரக்மூட்டை:
நியாயம்தான் தம்பி. எங்கள் வண்டி நடுவழியில் நின்றபோது அடியில் படுத்திருந்தவன் உன்னை மாதிரி ஒருவன்தான்.

சிப்பாய்அம்மா:
எல்லாருக்கும் நன்றி. விழாவில் நான்தான் குத்திவிடப் போகிறேன், மகன் கேட்டு அனுமதி வாங்கிவிட்டான். ஊசி அவன் மேல் பட்டுவிடக் கூடாதே என்று ஒரு பழைய சட்டையில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இலை உள்ளதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பெட்டியில் முதலில் அதற்கென்று மேலே கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். அது எப்படிக் கிடைக்கும் என்று பழையரக்மூட்டை தம்பி எழுதியதைப் படித்தபின், இடம் விடாமல் இவன் பட்டையை நட்டநடுவில் வைத்து ஆணி அடித்துவிட்டேன்.