வெஞ்சனம் மட்டும் கிடைக்குமா? காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

செக்காலைக்காரன்

சென்ற ஆடி மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 விழுக்காடு என்று வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோறு, இட்லி, தோசையை வெட்டுங்கள், கறி, மீன், முட்டை, காயைக் கூட்டுங்கள் என்றும் சொன்னார். வீட்டில் அது பெரிய பாடாக இல்லை. ஆனால் நான் கடை வைத்திருப்பவன், வாரத்தில் ஐந்து நாள் மதியச் சாப்பாடு வெளியில்தான். பாடு அங்கே தொடங்கியது.

நம் ஊர் உணவகத்தில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, "சாப்பாடா, டிபனா?" சாப்பாடு என்றால் சோறு. டிபன் என்றால் பரோட்டா, இடியாப்பம், தோசை. மூன்றாவதாக ஒன்றை யாரும் நினைத்தே பார்த்ததில்லை. இத்தனைக்கும் செட்டிநாடு என்ற பெயர் போட்டு ஊரெல்லாம் விற்கும் சுக்கா, உப்புக்கறி, காடை வறுவல், நண்டு மசாலா எதிலும் மாவுச்சத்து பெரிதாகக் கிடையாது.

பதினைந்து ஆண்டுகளாகச் சாப்பிடும் மெஸ்ஸுக்குப் போனேன். "இலை போடுங்கள், சோறு வேண்டாம், காய், கறி என்று வெஞ்சனம் மட்டும் வையுங்கள்" என்றேன். பரிமாறுகிறவர் சோற்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே நின்றார். "காய்ச்சலா அண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் ஒரு கரண்டியாவது வைத்துக்கொள்ளுங்கள், வெறும் இலையில் கறி வைத்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டியைக் கவிழ்த்துவிட்டார். அந்தச் சோறு இலை ஓரத்தில் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. சோற்றை வீணாக்கக் கூடாது என்று அப்பத்தாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன் நான். இலையை மூடும்போது கை கூசியது.

கல்லாவில் முதலாளி சிரித்தார். "வெஞ்சனம் என்றாலே சோற்றுக்குத் துணைதானே. மாப்பிள்ளை வராமல் மாப்பிள்ளைத் தோழனை மட்டும் பந்தியில் உட்கார வைக்கச் சொல்கிறீர்களே!" பில் 320 ரூபாய். சாப்பாடு 140, சுக்கா 160, முட்டை 20. சாப்பிடாத சோற்றுக்கும் சேர்த்துத்தான்.

விடவில்லை. மறுநாள் மூன்றரை மணிக்கு, கூட்டம் ஓய்ந்த பிறகு, பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரரைப் பார்த்தேன். இது நான் செய்த உருப்படியான காரியம். பரிமாறுகிறவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். எந்தக் குழம்பில் மாவு சேர்கிறது என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "தேங்காயும் சோம்பும் கசகசாவும் வறுத்து அரைத்து ஊற்றுகிற குழம்புக்கு மாவு எதற்கு? கோழி 65க்கும் காலிஃப்ளவர் சில்லிக்கும்தான் மைதாவும் சோள மாவும். அவை நம் ஊர்ப் பண்டங்களே இல்லை." வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவார்கள், அது மட்டும்தான் என்றார். அந்தத் தண்ணீருக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான்.

அவர் முதலாளியிடம் பேசினார். இப்போது எனக்கு இலையில் கோழியோ மீனோ ஒன்று, இரண்டு காய், இரண்டு முட்டை, குவளையில் ரசம், மோர். 190 ரூபாய். உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

தேவகோட்டை மருமகள்

உணவகத்திலாவது காசு கொடுத்துச் சண்டை போடலாம். வீட்டு விசேஷத்தில் என்ன செய்வீர்கள்?

என் மாமனாரின் அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. காலைப் பலகாரமோ வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, இடியாப்பம். பேச்சு எடுத்தேன். "அயித்தை, மதியம் இவர்களுக்கென்று ஒரு பந்தி தனியாகப் போடுவோமா?" மாமியாருக்கு அரை மனது. சமையல் ஒப்பந்தக்காரர் மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கும் சர்க்கரையாம்.

நாற்பது இலைக்குக் கணக்குப் போட்டோம். வாழைப்பூ துவட்டல், கத்தரிக்காய் கோஸ்மல்லி, கீரை மண்டி, முட்டைக்கோஸ் பொரியல், பன்னீர் பிரட்டல், மிளகு ரசம். உருளைக்கிழங்கும் சேனையும் கிடையாது. பந்திக் கட்டின் வாசலில் அட்டையில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு' என்று என் கையால் எழுதி வைத்தேன். அங்கேதான் புத்தி பிசகிவிட்டது.

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதில் இருவர் அட்டையைப் படிக்காமல் வந்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் எதிர்ப் பந்தியில் சோறும் பாயசமும் சாப்பிட்டார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் இடம் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிற வீட்டில், தன் வியாதியை இலை போட்டு யார் காட்டுவார்? எனக்குத்தான் அது தோன்றவில்லை. இரண்டாம் பந்திக்கு முன் ஒப்பந்தக்காரர் அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு 'காய்கறிப் பந்தி' என்று எழுதி மாட்டினார். இலை போதவில்லை. சர்க்கரையே இல்லாத இளவட்டங்கள் பன்னீருக்காக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஆயாக்கள் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

பள்ளத்தூரான்

சுருக்கமாக என் முட்டாள்தனம். ஒரு விடுதியில் "கவுனி அரிசி சாப்பிடுங்கள் ஐயா, சர்க்கரைக்கு நல்லது" என்று பரிமாறினார்கள். கறுப்பாக இருக்கிறதே, மருந்துதான் போலிருக்கிறது என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் 290. கவுனியில் நார்ச்சத்தும் நிறமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதில் போட்ட சீனியும் தேங்காய்ப் பூவும் நெய்யும் அதை விட அதிகமாக உண்டு. கறுப்போ வெள்ளையோ, அரிசி அரிசிதான்.

ஓய்வு பெற்ற வாத்தியார்

நான் உணவகங்களோடு மல்லுக்கட்டவில்லை. பொட்டலம் போட்டு விற்கும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன்.

பேரன் 'சிறுதானிய முறுக்கு' என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். முன்பக்கத்தில் வயலும் கதிரும் படமாக இருந்தன, பக்கத்தில் 'சர்க்கரை இல்லாதது' என்ற வாசகம். மூக்குக் கண்ணாடி போட்டுப் பின்பக்கம் படித்தேன். உட்பொருள்களில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் இருந்தது அரிசி மாவு. கேழ்வரகு நான்காவது, அதுவும் ஆறு விழுக்காடு. 100 கிராமுக்கு மாவுச்சத்து 64 கிராம். 'சர்க்கரை இல்லாதது' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அதை அவர்கள் மீறவில்லை. மாவு சர்க்கரையாக மாறுவது நம் வயிற்றுக்குள் நடக்கிற காரியம், பொட்டலத்துக்கு அதில் பொறுப்பில்லை. கேழ்வரகையே முழுக்கப் போட்டிருந்தாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்பது வேறு விஷயம். தினை, சாமை, வரகு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான்.

பொட்டலத்தில் அச்சிட்டிருந்த வாடிக்கையாளர் முகவரிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 2023இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று சொன்னதையும், அதே ஆய்வுக் குழு 2025இல் நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொன்னதையும் குறிப்பிட்டேன். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நிலக்கடலை, தேங்காய், பாதாம் வைத்து ஒரு நொறுக்குத் தீனி செய்யக் கூடாதா என்று கேட்டேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் அன்புக்கு நன்றி' என்று ஒரு வரி, கூடவே அதே நிறுவனத்தின் கிரீம் பிஸ்கட் ஒரு பெட்டி. முப்பத்தைந்து ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் நான், கேள்வியைப் படிக்காமல் எழுதிய பதிலை எனக்குத் தெரியாதா?

பிறகு கானாடுகாத்தானில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவரிடம் போய் அதையே கேட்டேன். அரிசி மாவு இல்லாமல் தேன்குழல் பிழிந்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார். ஆனால் மறுவாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பனையோலைக் கொட்டானில் பாதாம், நிலக்கடலை, கீற்றுக் கீற்றாக நறுக்கி வறுத்த தேங்காய், கறிவேப்பிலை, இடித்த மிளகு, உப்பு. கால் கிலோ 160 ரூபாய். தேங்காய் நான்கு நாளில் காறிப் போகிறது, அதனால் வெளியூருக்கு அனுப்ப முடியாது என்கிறார். பெரிய நிறுவனம் மனது வைத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்தான் அது.

இன்னொன்று. மெனு அட்டையில் கலோரி போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. பத்து கிளைகளோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும் மத்திய அரசின் உணவு உரிமம் பெற்றவர்களுக்கும்தான் அது. நம் மெஸ்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் கலோரியை வைத்து மாவுச்சத்து எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது.

திருப்பத்தூர் ரோட்டு மெஸ்

கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

எங்களுக்குச் சோறுதான் மலிவு. வயிறு அதில் நிறைவதால்தான் கறியை அளவாக வைத்து இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. சோறு வேண்டாம் என்கிறவருக்குக் காயும் கறியும் இரண்டு மடங்கு வேண்டும். காயை மறுபடி மறுபடி கேட்கிறார், சோற்றைக் கழித்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்கிறார். செக்காலை அண்ணனைப் போல 190 கொடுக்க எல்லாரும் முன்வருவதில்லை.

கேட்டு நான் செய்யாமலும் இல்லை. திருச்சியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார் என்று காலிஃப்ளவரைத் துருவிச் சோறு போல வைத்தேன். ஆவிப் பெட்டியில் அரை மணி நேரத்தில் நீர் விட்டுக் கூழாகிவிட்டது, கடை முழுக்க ஒரு வாடை. எட்டு நாளில் நிறுத்திவிட்டேன். அதைக் கேட்டவரும் அப்புறம் வரவில்லை.

ஒரு வழி சொல்கிறேன். காலை பதினொரு மணிக்குள் போன் செய்து "இன்றைக்குச் சோறில்லாமல் இரண்டு பேர்" என்று சொல்லுங்கள். காயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஒன்றரை மணிக்கு, கூட்டம் நெரிகிற நேரத்தில் வந்து நின்று கேட்டால் எனக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல்.

மருந்துக்கடை

எல்லாரும் சோற்றை விட்ட கதை சொல்கிறீர்கள். மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தை மாத முகூர்த்த நாள் ஒன்றில், அறுபது வயதிருக்கும், ஒருவர் மதியம் மூன்று மணிக்கு என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். கருவியில் 54, சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். காலையில் வழக்கமான அளவு இன்சுலின் போட்டுக்கொண்டு, புதிதாகச் சபதம் எடுத்தவர் போல விருந்தில் முட்டையும் கறியும் மட்டும் சாப்பிட்டிருக்கிறார். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரையும் நீங்கள் சோறு தின்றீர்களா என்று பார்த்து வேலை செய்வதில்லை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே. முதலில் மருத்துவரிடம் அளவை மாற்றி வாங்குங்கள். உணவகத்தில் கேட்பது அதற்குப் பிறகு.

தேவகோட்டை மருமகள்

மருந்துக்கடை அண்ணனுக்கு நன்றி. என் மாமனாருக்கு அளவைக் குறைத்த பிறகுதான் நாங்கள் தொடங்கினோம். சொல்லாமல் விட்டது என் தவறு. பிள்ளையார் நோன்பன்று மட்டும், திரி ஏற்றிய மாவை விழுங்குகிற அந்த இழையை எடுக்காமல் இருக்க மாட்டேன் என்கிறார். அந்தச் சிட்டிகை மாவுக்காகப் பிள்ளையாரோடு யார் வழக்காடுவது?

செக்காலைக்காரன்

ஒரு செய்தி. மெஸ் முதலாளி நேற்று என்னைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர் அதே இலையைக் கேட்கிறார்களாம், பலகையில் எழுதிவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறார். 'சோறில்லாச் சாப்பாடு' என்று எழுதச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. கடை வாசலில் சோறில்லை என்று எழுதுவதா, காலையில் வருகிறவன் அதையா முதலில் படிக்க வேண்டும் என்றார். தேவகோட்டையில் நடந்த அட்டைக் கதையைச் சொன்னேன். சமையல்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், "வெஞ்சனச் சாப்பாடு என்று போடுங்கள்."

சுண்ணாம்புக் கட்டியால் அப்படியே எழுதியிருக்கிறார்கள். 190 ரூபாய், பன்னிரண்டு மணி முதல் இரண்டரை வரை. வெள்ளிக்கிழமை கறி கிடையாது, காயும் பன்னீரும்தான், அன்றைக்கு 150. பரிமாறுகிறவர் மட்டும் இன்னும் சோற்று வாளியோடுதான் என் பக்கம் வருகிறார். இலைக்கு மேலே ஒரு கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறார்.