உங்கள் ஊர் எல்லையில் ரயிலோ காற்றாலையோ சோலாரோ வந்தபோது என்ன நடந்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

கரிசக்காட்டான் (கமுதி பக்கம்):

சோலார் நல்லதா கெட்டதா என்ற வழக்கமான சண்டை வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2016-ல் கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது பலருக்குத் தெரியும். ஏறக்குறைய 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். நான் சொல்லப்போவது அதைப் பற்றி இல்லை. அதற்குப் பிறகு சின்னதாக வந்த இன்னொன்று, எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தெற்கே இருக்கிறது.

அந்த இடம் கணக்கில் தரிசு. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். எல்லாம் மதுரைக்கும் சென்னைக்கும் போய்விட்டவர்களின் பட்டா. புரோக்கர் வந்த இரண்டே மாதத்தில் கிரயம் முடிந்தது. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பொய்த்தால் மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை என்கிற கரிசல். சும்மா கிடந்த நிலத்துக்குக் காசு வந்தால் யார்தான் விடுவார்?

பட்டா இல்லாத ஒருத்தர் அதை நம்பி முப்பது வருடமாகப் பிழைத்துக்கொண்டிருந்தார். என் சித்தப்பா. 140 செம்மறி வைத்திருக்கும் கீதாரி. அறுப்பு முடிந்த காடுகளில் கிடை போடுவார், மற்ற மாதங்களில் அந்தத் தரிசுதான் மேய்ச்சல். ஓடைக்குப் போகும் வண்டிப்பாதையும் அதற்குள்ளேதான் போனது. ஒரு நாள் விடியற்காலையில் ஆட்டைப் பத்திக்கொண்டு போனால் எதிரே கம்பி வேலி. ஆடுகள் வேலியை ஒட்டியே நடந்து, மூலையில் திரும்பி, கொஞ்ச தூரம் போய், திரும்ப வந்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டனவாம். "வழி எங்கன்னு அதுக என்னையப் பாக்குது, நான் வாட்ச்மேனப் பாக்குறேன்" என்றார் சித்தப்பா. வாட்ச்மேன் எங்கள் ஊர்ப் பையன்தான். "நான் என்ன செய்ய மாமா, கேட்டைத் திறந்தா எனக்கு வேலை போயிரும்" என்றிருக்கிறான்.

இப்போது ஓடைக்கு மூன்று கிலோமீட்டர் சுற்று. ஆடு 90 ஆகிவிட்டது.

எண்ணூர்க்காரி:

அண்ணே, உங்கள் சித்தப்பாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் மின்சாரம் வேறு எங்கிருந்து வருகிறது என்பதை எங்கள் மொட்டை மாடிக்கு வந்து பாருங்கள். காயப்போட்ட வேட்டியை உதறாமல் மடிக்க முடியாது, அனல் மின் நிலையத்துச் சாம்பல் அவ்வளவு. அப்பா கொசஸ்தலையாற்றில் தொழில் செய்தவர். சாம்பல் போகும் குழாய் உடைந்த ஒரு சமயம் ஆற்றில் இறங்கியவர், முழங்கால் வரை சிமென்ட் பூசினதுபோல வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு வலையில் வந்த இறாலை அம்மா குழம்பு வைக்கவில்லை, குப்பையில் கொட்டிவிட்டார்.

நிலக்கரியும் ஒரு ஊரின் தலையில்தான் விடிகிறது. கிராமத்து அழகு போச்சு என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். உங்களைச் சொல்லவில்லை.

கரிசக்காட்டான்:

கோபம் நியாயம்தான் தங்கச்சி. எங்கள் கரிசலை யாரும் அழகு என்று சொன்னதில்லை, அதனால்தான் இவ்வளவு சுலபமாக வேலி போட்டார்களோ என்னவோ.

காத்தாடி (ஆரல்வாய்மொழி):

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் முப்பந்தலில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பார்களே, அந்தக் காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு வருவதால் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை நல்ல வீச்சு. தாத்தா ஒரு காத்தாடிக்கு இடம் கொடுத்தார். மிச்சத்தில் இன்றைக்கும் வாழைதான். வேலி கிடையாது, தூணுக்கு அடியிலேயே மாடு படுத்திருக்கும். சாயங்காலத்தில் மட்டும் இறக்கை நிழல் அடுக்களைச் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். தலை சுற்றுகிறது என்று பாட்டி ஜன்னலில் சாக்குக் கட்டிவிட்டாள், அந்தச் சாக்கு இன்னும் இருக்கிறது.

எனக்குக் காத்தாடியைவிடக் கம்பிதான் உறுத்தல். மின்கம்பியில் அடிபட்டுத் தொங்கிய மயிலை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கம் பழைய காத்தாடிகளில் நிறைய 250 கிலோவாட்டும் அதற்குக் கீழும்தான். இப்போது வருகிற ஒன்று பத்துப் பழசின் வேலையைச் செய்யும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. காற்று நன்றாக அடிக்கிற இடத்தில் கிழட்டு மெஷின் நிற்க, புது மெஷினுக்கு வேறு ஊரில் காடு தேடுவது என்ன கணக்கு?

போடி பாசஞ்சர்:

எங்கள் கதையில் வில்லன் இல்லை. மதுரை–போடி 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் ரயில் பாதை. 2010 கடைசியில் அகலப்பாதை போட நிறுத்தினார்கள். தேனி வரை 2022 மே, போடிக்கு 2023 ஜூன். நிறுத்தியபோது ஆறாவது படித்த பையன், ரயில் திரும்ப வந்தபோது வேலைக்கே போய்விட்டேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி அகலப்படுத்தினார்கள், மற்றபடி பெரும்பாலும் பழைய தடத்திலேயே போனதால் எங்கள் தோட்டத்து வேலிக்கல் ஒன்றுகூட நகரவில்லை. தாமதம் ஒன்றுதான் குறை. பன்னிரண்டு வருடம் என்பது குறையா தண்டனையா என்று கேட்காதீர்கள்.

நவக்கரை:

பழைய தடம் என்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். கோவைப் பக்கம் எங்கள் மதுக்கரை–வாளையார் காட்டில் ஏ, பி என்று இரண்டு ரயில் லைன். யானைகள் இரண்டையும் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பர் 26 ராத்திரி மங்களூரிலிருந்து சென்னை போன வண்டியில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன. மறுநாள் காலையில் போனேன். ஒன்று தண்டவாளத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கிடந்தது. யாரோ அதன் நெற்றியில் மஞ்சள் தடவி, செவ்வரளி வைத்திருந்தார்கள். என் பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் அவர் தோப்பை யானைகள் வருடா வருடம் அழித்துக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் 12 கோபுரத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்தார்கள். யானை லைன் பக்கம் வந்தால் உடனே தகவல் போய்விடுகிறது. யாரும் ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை. அதுவரை எத்தனை உயிர் போனது என்பதுதான் எங்கள் கேள்வி.

எண்ணூர்க்காரி:

கரிசக்காட்டான் அண்ணே, சித்தப்பா இப்போது என்ன செய்கிறார்? அதைச் சொல்லவே இல்லையே.

கரிசக்காட்டான்:

அவர்தான் ஒரு யோசனை சொன்னார். ஐப்பசி மழைக்கு அப்புறம் பேனலுக்கு அடியில் புல் இடுப்பளவு வளர்கிறது. அதை வெட்டக் கூலிக்கு ஆள் வைக்கிறார்கள், மருந்தும் அடிக்கிறார்கள். "அந்தப் புல்ல எம்மந்தைக்கு விட்டா அவங்களுக்கும் காசு மிச்சம்" என்றார். நான் மனு எழுதிக் கொடுத்தேன். ஆடு பேனல் மேல் ஏறும், வயரைக் கடிக்கும் என்று மேலாளர் மறுத்துவிட்டார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "ஏறுறது வெள்ளாடுய்யா. செம்மறி தல குனிஞ்சா நிமிராது, வேணும்னா பத்து உருப்படிய ஒரு வாரம் விட்டுப் பாருங்க."

மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நாலு மாதம் ஆகிறது. போன வாரம் மறுபடி மருந்து அடித்திருக்கிறார்கள், வேலியோரம் மேய விடாதே என்று அந்த வாட்ச்மேன் பையன்தான் ராத்திரி வந்து சொல்லிவிட்டுப் போனான்.