ஃபினெஸ்த்ரே ஏற்றத்தில் டெல் டோரோ ஏன் துரத்தவில்லை?

மேட்டுப்பாதை:
2025 ஜிரோ டி இத்தாலியா என்ற மூன்று வார சைக்கிள் பந்தயத்தின் 20-ஆவது கட்டத்தை இப்போதுதான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன், மண்டை காய்கிறது. காலையில் கிளம்பும்போது டெல் டோரோ இளஞ்சிவப்பு ஜெர்சியில் (மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுவது), கராபாஸ் 43 நொடி பின்னால், சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 நொடி பின்னால். மறுநாள் கடைசிக் கட்டம் ரோம், அங்கே பொதுத் தரவரிசையில் ஒன்றும் மாறப்போவதில்லை, ஆக எல்லாமே அன்றைக்குத்தான். கொல்லே டெல்லே ஃபினெஸ்த்ரே ஏற்றத்தில் யேட்ஸ் இவர்களை விட்டு முன்னால் பாய்ந்து போகிறார், டெல் டோரோ, கராபாஸ் இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பெடலை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். கால் செத்துப்போனவர்கள் மாதிரியும் தெரியவில்லை. கடைசியில் 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் யேட்ஸ் ஜிரோவையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜெர்சி போட்டிருப்பவர்தானே துரத்த வேண்டும்? 21 வயதுப் பையன் என்பதால் வந்த அனுபவக் குறைவா, இல்லை குழுக் காரில் இருந்து உத்தரவு கொடுப்பவர்கள் சொதப்பினார்களா?

சங்கிலிச்சத்தம்:
ஜெர்சி போட்டவர்தான் துரத்த வேண்டும் என்பது சொல்ல எளிது. அவர் நிலையில் இருந்து பாருங்கள். பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருபவர் கராபாஸ், 2019-இல் இதே ஜிரோவை வென்றவர், ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். டெல் டோரோ முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்தால் கராபாஸ் சும்மா உட்கார்ந்து வருவார், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாக்குதல் போடுவார், 43 நொடி போயே போச்சு.

அப்புறம், அதற்கு முந்தைய நாட்களில் யார் எப்படி இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 16-ஆவது கட்டத்தில் டெல் டோரோ நன்றாகத் திணறினார். அன்று மாலை யேட்ஸ் வெறும் 26 நொடி பின்னால் இரண்டாம் இடத்தில், கராபாஸ் 31 நொடியில். மறுநாள் போர்மியோவில் டெல் டோரோ கட்டத்தையே வென்று பதில் சொன்னார், யேட்ஸ் கொஞ்சம் நேரம் இழந்தார். 19-ஆவது கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இழந்தார். அதாவது இரண்டு மலை நாட்களாக இறங்கிக்கொண்டே வருபவர் யேட்ஸ், ஏறிக்கொண்டே வருபவர் கராபாஸ். டெல் டோரோ, கராபாஸ் இருவர் கண்ணுக்கும் ஆபத்து பக்கத்தில்தான் இருந்தது, முன்னால் போனவரிடம் இல்லை. மூன்றாம் வாரத்தில் நேற்றைய கால் இன்றைக்கும் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, அதைத்தான் மறந்தார்கள்.

காற்றுமறைவு:
இங்கே எல்லோரும் ஏற்றத்தையே பேசுகிறீர்கள். ஜிரோ போனது ஏற்றத்தில் மட்டும் இல்லை, இறங்கின பிறகு.

ஃபினெஸ்த்ரே 18.5 கிலோமீட்டர், சராசரி 9 சதவீதத்துக்கு மேல், கடைசி 8 கிலோமீட்டர் கப்பி ரோடு. அந்தச் சரிவில் வேகம் குறைவு, முன்னால் ஒருவர் இருந்தாலும் பெரிய லாபம் கிடையாது, அவரவர் காலில்தான் ஏற வேண்டும். ஆனால் கீழே இறங்கி கட்டம் முடியும் செஸ்த்ரியேரே நோக்கித் திரும்பியதும் கதை வேறு. கடைசி ஏற்றம் மிதமானது, வேகமாகப் போகலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. தனியாகப் போகிறவர் அங்கேதான் காலியாவார்.

யேட்ஸ் தனியாகப் போகவில்லை. யேட்ஸின் குழுவான விஸ்மா, வவுட் வான் ஆர்ட்டை அன்று காலையிலேயே பிரேக்அவேயில் (கூட்டத்தை விட்டு முன்னால் போகும் சிறு குழுவில்) அனுப்பி வைத்திருந்தது. யேட்ஸ் வந்து சேர்ந்ததும் அவருக்காகவே காத்திருந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார் பாருங்கள், அந்தச் சில கிலோமீட்டர்கள்தான் எனக்கு முழுப் போட்டியும். தலை தொங்குகிறது, தோள் ஆடுகிறது, பெடல் மட்டும் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் அப்படியே ஓரம் ஒதுங்கிவிட்டார். 2022 டூர் டி பிரான்ஸில் ஓட்டகாம் மலையில் தன் குழுத் தலைவர் விங்கெகார்டுக்காகச் செய்ததும் இதே வேலைதான். அன்று எதிரணியின் போகச்சாரே அதில் பின்தங்கிப் போனார்.

இன்னொன்று, இந்த மலையிலேயே 2018-இல் இது நடந்திருக்கிறது. ஃப்ரூம் ஃபினெஸ்த்ரேயில் தாக்கி 80 கிலோமீட்டர் தனியாகப் போனார். பின்னால் டூமுலான், பீனோ எல்லாம் இருந்தும் பீனோவின் குழுத் தோழர் ரைஷன்பாக் வந்து சேரட்டும் என்று இறக்கத்தில் தயங்கினார்கள், இடைவெளி அங்கேதான் வளர்ந்தது. ஏழு வருடம் கழித்தும் அதே பக்கத்தில் அதே தயக்கம்!

கடைசிக்கிலோமீட்டர்:
எல்லோரும் பையனையே திட்டுகிறீர்களே, கராபாஸை யாரும் கேட்க மாட்டீர்களா? ஏற்றத்தின் அடியிலேயே தன் இ.எஃப். குழுவை விட்டு வேகத்தை ஏற்றி, தானே முதலில் தாக்கி, யேட்ஸுக்கு மேடை போட்டுக் கொடுத்ததே அவர்தான். சரி, தாக்கியாயிற்று, டெல் டோரோ விடாமல் ஒட்டிக்கொண்டார். அப்புறம் யேட்ஸ் போகும்போது "தலைவர்தான் துரத்த வேண்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். நிபந்தனை பேசிக்கொண்டே இருந்தால் இருவருக்கும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா? 2019-இல் நிபாலியும் ரோக்லிச்சும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது நடுவில் நழுவிப் போய் ஜெர்சி வாங்கியவரே இவர்தான். இரண்டு பூனைகள் அடித்துக்கொள்ள குரங்கு அப்பத்தைத் தின்ற கதையில் அன்று குரங்கு, இன்று பூனை. முடிந்த பிறகு டெல் டோரோவைக் குறை சொல்லிப் பேட்டி வேறு. கணக்கைப் பாருங்கள்: இருவருக்கும் நடுவில் இருந்த 43 நொடி ரோமில் 47 ஆனது. அவ்வளவு காவல் காத்ததற்குக் கிடைத்த கூலி நான்கு நொடி.

மேட்டுப்பாதை:
வான் ஆர்ட் விஷயம் இப்போதுதான் உறைக்கிறது, நன்றி. ஆனாலும் ஒரு சந்தேகம். யேட்ஸைவிட 1:21 முன்னிலை கைவசம் இருக்கும்போது ஒரு நிமிடம் வரை விடலாம் என்று டெல் டோரோ கணக்குப் போட்டிருந்தால் அதில் தப்பு என்ன? உச்சி வரைக்கும் அது பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்காதே.

காற்றுமறைவு:
முன்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தக் கணக்கு செல்லாது. உச்சியில் ஒரு நிமிடம் என்றால் கீழே அது ஒரு நிமிடமாகவே இருக்காது. வான் ஆர்ட் பிரேக்அவேயில் இருப்பது எல்லோருக்கும் ரேடியோவில் தெரியும், டிவியில் தெரியும், ஒளிவு மறைவே இல்லை. அதனால்தான் குழுக் காரைக் கேட்க வேண்டிய கேள்வி அது என்கிறேன். அந்தப் பையனுக்கு இருந்த வழி ஒன்றுதான்: யேட்ஸோடு முதல் 30 நொடி இடைவெளி விழுந்தபோதே கராபாஸ் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல் தன் வேகத்தில் ஏறியிருக்க வேண்டும். கராபாஸ் தாக்கியிருந்தால் டெல் டோரோ இரண்டாம் இடத்தையும் இழந்திருப்பார், உண்மை. ஜெர்சிக்காவது ஒரு வாய்ப்பு மிஞ்சியிருக்கும்.

சங்கிலிச்சத்தம்:
அந்த விலையைக் கொடுக்க 21 வயதில் எத்தனை பேர் தயாராக இருப்பார்கள்? ஜிரோவில் ஜெர்சி போட்ட முதல் மெக்சிகோக்காரர், பந்தயம் தொடங்கும்போது குழுவின் முதல் கேப்டனும் அவர் இல்லை, கேப்டனாக வந்த அயுசோவும் பாதியில் விலகியாயிற்று. யேட்ஸ் 2018-இல் 13 நாள் அதே ஜெர்சியைப் போட்டுவிட்டு இந்த மலை வந்த கட்டத்தில்தான் அரை மணி நேரத்துக்கு மேல் இழந்தார். அப்போது அவருக்கு 25.