'மோரிதூருஸ்': இந்த லத்தீன் எச்சத்தைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது?

அனைவருக்கும் வணக்கம். கி.பி. 52-இல் இத்தாலியின் ஃபூசினோ ஏரியில் நடந்த போலிக் கடற்போருக்கு முன், அதில் மோதவிருந்த தண்டனைக் கைதிகள் ரோமப் பேரரசர் கிளாடியஸை நோக்கி 'மோரிதூரி தே சலூதாந்த்' என்று முழங்கியதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

இதிலுள்ள 'மோரிதூரி', இறத்தலைக் குறிக்கும் 'மோரியோர்' என்ற வினையின் எதிர்கால எச்சம். 'மோரிதூருஸ்' என்னும் ஆண்பால் ஒருமைக்கு எழுவாய்ப் பன்மை. பெண்பால் ஒருமை 'மோரிதூரா', இரண்டுமல்லாத நடுப்பால் ஒருமை 'மோரிதூரும்'. நம் பெயரெச்சமோ பால், எண், வேற்றுமை எதற்கும் வடிவம் மாறுவதில்லை. எனவே இதை வினையாலணையும் பெயராகக் கொண்டு, 'இறக்கவிருப்போர் உம்மை வணங்குகின்றனர்' என்று பெயர்த்திருக்கிறேன். 'இறக்கவிருப்போரை', 'இறக்கவிருப்போர்க்கு' என அது வேற்றுமையும் ஏற்கும் என்பதே காரணம்.

எனினும் 'ஊருஸ்' ஈறு வெறும் எதிர்காலத்தை மட்டுமின்றி ஊழையும் துணிவையும்கூட உணர்த்தும் என்பதால், 'இறக்கத் துணிந்தோர்' என்பது பொருந்துமா, அல்லது கைதிகளின் வாயில் அது மிகையாகிவிடுமா? மேலும், இறந்தகால எச்சம் 'மோர்துவுஸ்' என்றிருக்க, எதிர்கால எச்சம் மட்டும் அந்த அடியை விட்டு 'மோரி' என்ற நிகழ்கால அடியிலிருந்து பிறப்பது ஏன்? 'ஓரியோர்' வினையிலும் 'ஓர்துஸ்', 'ஓரிதூருஸ்' என்று இதே விலகலைக் காண்கிறேன். லத்தீன் முறையாகப் பயின்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.