ஷெர்கர் கோப்பை மாதிரி அணிப் போட்டியால் குதிரை ரேஸுக்கு என்ன லாபம்?

முத்தியால்பேட்டைவாசி:
2024-இல் சென்னை கிண்டி ரேஸ் மைதானத்துக்குப் பூட்டு விழுந்தபிறகு எனக்கு யூடியூபில்தான் ரேஸ். இங்கிலாந்து ஆஸ்காட்டின் ஷெர்கர் கோப்பையைப் பார்த்தேன். நான்கு அணி, அணிக்கு மூன்று ஜாக்கி (குதிரை ஓட்டுபவர்), ஆறு பந்தயம். முதல் ஐந்து இடத்துக்கு 15, 10, 7, 5, 3 புள்ளி. வம்சம், எடை, தரை ஈரம் பார்த்தே பழகியவன் நான். ‘ஐரோப்பா’ என்கிற அணி ஜெயித்தால் எனக்கென்ன? குதிரை அந்த அணிக்குச் சொந்தமே இல்லையே! வெறும் விளம்பரமா?

கடலூர் ஓ.டி.காரன்:
அண்ணே, அது உங்களுக்கு வைத்த பந்தியே இல்லை. முதன்முறை மைதானத்துக்கு வருகிற குடும்பம் சட்டைக் கலரைப் பார்த்துக் கத்தினால் போதும். அப்புறம், நான்கில் ஒன்றான பெண்கள் அணி 2015-இல் கோப்பையையே தூக்கியது. பெண் ஜாக்கி ஹேலி டர்னர் இருந்த அணி. வேறெந்தப் பந்தயத்தில் இப்படி மூன்று பெண்களைச் சேர்த்துப் பார்க்க முடியும்?

நெல்லித்தோப்பு:
ஐந்தாம் இடத்துக்கும் புள்ளி என்பதால் பின்னால் வருபவரும் கடைசிவரை விரட்டுகிறார், அது நல்லது. ஆனால் வழக்கமான ஜாக்கி ஏறுவதில்லை. குதிரையின் குணம் தெரியாதவர் ஏறினால் பணம் கட்டுகிறவனுக்குத் தலைவலி.

முத்தியால்பேட்டைவாசி:
சரி தம்பி, பெண்கள் அணியை ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்றும் எனக்குச் சட்டைக் கலர்தான்.