ஜோவுக்கு ஏன் தெரியாது?

பூங்கோதை:
‘பரியேறும் பெருமாள் சாதியையும் ஆணாதிக்கத்தையும் ஒரே அடியில் உடைத்த படம்’ என்று நேற்று அரைடிக்கெட் அருளியிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி. ஒடுக்கப்பட்ட சாதிக் கதாநாயகன் பரியனைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டது, கூடப் படிக்கிற ஆதிக்கசாதிப் பெண் ஜோ. அவள் சொந்தக்காரர்கள் அவனை மண்டபத்து அறையில் பூட்டி அடித்து, அவன்மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். படம் முடிகிறவரை அது ஜோவுக்குத் தெரியாது. ஏன்?

அரைடிக்கெட்:
சொன்னால் அவளையும் கொன்றுவிடுவார்கள். சாதிக்காகக் கொலை செய்துகொண்டு திரிகிற அந்தக் கிழவர் ஒரு பெண்ணைக் கொன்று தூக்கில் தொங்கவிடுவாரே, அப்போது பாப்கார்ன் வாங்கப் போயிருந்தீர்களா?

பூங்கோதை:
பார்த்ததால்தான் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரியும், சொந்தக்காரப் பையன்களுக்குத் தெரியும், பரியனுக்குத் தெரியும். யார் உயிருக்கு ஆபத்தோ அவளுக்கு மட்டும் தகவல் இல்லை. ஜோ சட்டக் கல்லூரியில் படிக்கிறாள் ஐயா, எல்.கே.ஜி.யில் இல்லை.

நெல்லைக்காரன்:
எங்கள் பக்கம் இதையெல்லாம் பெண்பிள்ளை காதில் போடமாட்டார்கள். இயக்குநர் மாரி செல்வராஜ் உள்ளதைக் காட்டினார். மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம்.

பூங்கோதை:
நான் பாளையங்கோட்டை. அடுத்து?

கொட்டகை:
2016-லேயே சாதி மீறிய காதலைச் சொன்ன மராத்திப் படம் ‘சைராட்’டில் கதாநாயகி ஆர்ச்சி புல்லட் ஓட்டுகிறாள், டிராக்டர் ஓட்டுகிறாள், காதலனைத் தப்பவைக்கத் துப்பாக்கியையும் தூக்குகிறாள். நம் ஜோ சிரித்துக்கொண்டே நோட்ஸ் கொடுக்கிறாள்.

அரைடிக்கெட்:
கடைசியில் ஆர்ச்சி செத்தாளா இல்லையா? குழந்தை ரத்தக் காலோடு நடந்து போகுமே. ஜோ உயிரோடு இருக்கிறாள்.

பூங்கோதை:
இருக்கிறாள், ஒன்றும் தெரியாமல். ஆர்ச்சிக்குத் தன் அப்பன் யாரென்றாவது தெரியும்.

நெல்லைக்காரன்:
பெண் என்றால் ஜோ மட்டும்தானா? பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிறவர். வேட்டியை உருவி நடுத்தெருவில் ஓடவிட்டார்களே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

பூங்கோதை:
அந்தக் காட்சியில் தியேட்டரிலேயே அழுதவள் நான். சாதித் திமிரும் ‘நீயெல்லாம் ஆம்பளையா’ என்ற இளிப்பும் ஒரே கையாக வந்து வேட்டியை உருவும். அந்த மனிதர் ஓடி முடிக்கிறவரை கேமரா கூடவே வரும். ஜோவிடம் மட்டும் அது நிற்காது. கேள்வி அப்படியே கிடக்கிறது.

அரைடிக்கெட்:
கடைசிக் காட்சி ஞாபகமிருக்கிறதா? பரியனுக்கும் ஜோவின் அப்பாவுக்கும் இரண்டு கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. அந்தப் பூதான் ஜோ. போதுமா?

பூங்கோதை:
அதேதான்! மனுஷியைப் பூவாக்கிவிட்டால் யாரும் எதையும் சொல்லவேண்டாமே.

கொட்டகை:
ஒரு கிளாஸில் இருப்பது கடுங்காப்பி.

நெல்லைக்காரன்:
டீதான் ஓய்.

அரைடிக்கெட்:
ரஜினியின் ‘காலா’ வந்தபோது மனைவி செல்வியா பழைய காதலி ஜரீனாவா என்று நாலு நாள் இழுத்த அம்மணிதானே நீங்கள்?

பூங்கோதை:
ஆறு நாள். அதற்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. ஜோவுக்கு ஏன் தெரியாது?

கொட்டகை:
கடுங்காப்பிதான். ஸ்கிரீன்ஷாட் போடட்டுமா?