புதுப்பிப்பு: ராமானுஜனை முதலில் கொண்டாடியது யார்?

போன வாரம் இதே இழையில், "கேம்பிரிட்ஜ் சொன்ன பிறகுதான் கும்பகோணம் ராமானுஜனைத் திரும்பிப் பார்த்தது" என்று சற்று வேகமாகவே எழுதிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். 1904-லேயே, அவர் டவுன் ஹைஸ்கூலை முடிக்கும்போதே, கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். முழு மதிப்பெண்ணுக்கும் மேலே போட வேண்டிய பையன் என்றாராம் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அவரை ஃபெல்லோ (உறுப்பினர்) ஆக்கியது 1918-ல். பள்ளிக்கூடம் பதினான்கு வருஷம் முந்திக்கொண்டது! (நடுவில் கல்லூரியில் மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகை போன கதை தனி.)

எம்.எஸ். சுவாமிநாதனும் இதே பள்ளியா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊர் அதேதான், ஆனால் அவர் பள்ளிப் படிப்பை முடித்தது லிட்டில் ஃப்ளவரில்.